2 ஜிபி ரேம் உள்ள பழைய அரசு லேப்டாப்: பென் டிரைவ் வழியாக எந்த லினக்ஸ் போடலாம்?

வைகைக்கரை (சோழவந்தான்), சனி காலை 9.20

எல்லோருக்கும் வணக்கம். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. பென்டியம் பி960, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. அக்காவுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு பீரோ மேலேயே கிடந்தது. இந்த வருடம் தங்கச்சி பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள். புது லேப்டாப் வாங்க இப்போது வழியில்லை. அதனால் இதையே தூசி தட்டி எடுத்தேன்.

ஆன் ஆகிறது, ஆனால் ரொம்ப மெதுவு. குரோம் 109-க்கு மேல் விண்டோஸ் 7-க்கு வரவே இல்லை, அதனால் நிறைய தளங்கள் சரியாகத் திறப்பதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் போட்டால் ஓடும் என்று நண்பன் சொன்னான். எது போடலாம், பென் டிரைவ் வழியாக எப்படிப் போடுவது என்று சொல்லுங்கள். இரண்டு விஷயம் முக்கியம். அக்காவின் கல்யாண போட்டோ எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, அது போகக் கூடாது. தங்கச்சிக்கு சி பிளஸ் பிளஸ் பழக வேண்டும், யூடியூபில் கல்வித் தொலைக்காட்சி பாடங்கள் பார்க்க வேண்டும், தமிழில் டைப் அடிக்க வேண்டும். பேட்டரி சுத்தமாகப் போய்விட்டது, சார்ஜர் சொருகினால்தான் ஓடும்.

சிம்மக்கல் மெக்கானிக், சனி காலை 10.05

தம்பி, அது நல்ல மெஷின். விண்டோஸ் 7 அதில் 32 பிட்டாக இருந்தாலும் சிபியு 64 பிட்தான். இன்றைக்கு வருகிற லினக்ஸ்களில் பெரும்பாலானவை அதில் ஏறும். மெதுவாக இருப்பதற்குக் காரணம் சிபியு இல்லை. 2 ஜிபி ரேமும் சுற்றிச் சுற்றித் தேய்ந்த அந்த ஹார்டு டிஸ்க்கும்தான்.

எந்த லினக்ஸ் என்பதைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். கையில் இருக்கிற காசில் ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டுகிற வேகமான ஒரு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, இரண்டும் முடியுமா என்று முதலில் பாருங்கள். ரேம் செகண்ட்ஹாண்டே போதும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். என்னிடம் வருகிற பழைய லேப்டாப்புகளில் ஹார்டு டிஸ்க்கை மாற்றியதும் தெரிகிற வித்தியாசம் வேறு எதிலும் தெரிவதில்லை.

போட்டோவுக்கும் அதுவே வழி. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வைத்துவிடுங்கள். அதில் எதையும் அழிக்க வேண்டிய தேவையே வராது. புது எஸ்எஸ்டியில் லினக்ஸ். பிறகு பழையதைச் சொருகி போட்டோவை எடுத்துக்கொள்ளலாம்.

பென்குவின் உசிலை, சனி காலை 10.40

வைகைக்கரை தம்பி, காசே செலவழிக்காமலும் முடியும். ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, சிஸ்டம்டி என்ற தொடக்க நிரல் கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் என்ற சின்ன விண்டோ மேனேஜரில் ஓடுகிறது. திறந்து எதுவும் செய்யாமல் விட்டால் என் மெஷினில் 300 எம்பி ரேம்கூட எடுப்பதில்லை. பப்பி லினக்ஸ் இன்னும் ஒரு படி மேலே, பென் டிரைவிலிருந்து மொத்தமும் ரேமில் ஏறி நின்றுகொள்ளும், ஹார்டு டிஸ்க்கே வேண்டாம்.

ஓடுகிற மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுக் கடன் வாங்கிப் புதுசு எடுக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. உங்கள் 2 ஜிபி ஆன்டிஎக்ஸுக்கு தாராளம்.

சிம்மக்கல் மெக்கானிக், சனி காலை 11.15

உசிலை, ஆன்டிஎக்ஸ் நல்ல லினக்ஸ், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கப் போவதில்லை. பிரவுசரைத் திறக்கும். யூடியூப் ஒரு டேப், பாடக் குறிப்பு ஒரு டேப், மெயில் ஒரு டேப் திறந்தால் ரேம் எங்கே போகிறது என்று பாருங்கள். டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்த 400, 500 எம்பியை பிரவுசர் ஒரே வாயில் போட்டுக்கொள்ளும். எந்த லினக்ஸ் போட்டாலும் ஃபயர்பாக்ஸ் அதே ஃபயர்பாக்ஸ்தான், அதன் எடை குறையாது.

அதனால்தான் சொல்கிறேன். ரேம் ஏற்ற முடிந்தால் லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. அதற்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள். அதன் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். பிளஸ் ஒன், பிளஸ் டூ, காலேஜில் முதல் ஒன்றிரண்டு வருடம் வரை மறுபடி ஓஎஸ் மாற்ற வேண்டாம். ரேம் ஏற்றவே முடியாது என்றால் உபுண்டுவின் லேசான வகையான லூபுண்டு, அதுவும் கனமாகத் தெரிந்தால் உசிலை சொல்லும் ஆன்டிஎக்ஸ்.

மேலூர் டீச்சர், சனி பகல் 12.30

சிம்மக்கல் அண்ணன் சொல்வதை ஆசிரியையாக வழிமொழிகிறேன். பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் தேடியதும் விடை கிடைக்க வேண்டும். உபுண்டு, மின்ட் இரண்டுக்கும் கிடைக்கிற உதவி சின்ன லினக்ஸ்களுக்குக் கிடைப்பதில்லை. பிளஸ் ஒன் பாடத்திலேயே உபுண்டு பற்றி வருகிறது. மின்ட் அதன் மேல் கட்டியதுதான், அதனால் புத்தகத்தில் படிப்பதை வீட்டில் தொட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011-ல் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் அது, தமிழிலும் வேலை செய்தது. வாங்கிய வாரமே பல வீடுகளில் அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் காரணம். என் மாணவர்களில் எத்தனையோ பேர் அதை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. இப்போது அதே லேப்டாப்புக்கு லினக்ஸ் தேடி ஒரு அண்ணன் வந்திருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

வைகைக்கரை, சனி மாலை 6.10

நன்றி அண்ணே, நன்றி டீச்சர். மாமா ஒருவர் ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஐஎஸ்ஓ இறக்கிவிட்டேன். பென் டிரைவில் எழுத ரூஃபஸ் இறக்கினால் விண்டோஸ் 7-ல் ஓடாது என்கிறது. ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் போதுமா?

சிம்மக்கல் மெக்கானிக், சனி இரவு 8.00

சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது தம்பி. ஐஎஸ்ஓ என்பது ஒரு டிஸ்க்கின் முழு நகல். அதைப் பிரித்து, பூட் ஆகும் பகுதியோடு பென் டிரைவில் எழுத வேண்டும். ரூஃபஸ் 4-லிருந்து விண்டோஸ் 8-லும் அதற்கு மேலும்தான் ஓடும். அவர்கள் தளத்திலேயே பழைய பதிப்புகள் இருக்கின்றன, 3.22-ஐ எடுங்கள், விண்டோஸ் 7-க்கு அதுதான் கடைசி.

8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் இருக்கிறதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காலி செய்துகொள்ளுங்கள். ரூஃபஸைத் திறந்து ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும், பக்கத்தில் ஒரு டிக் குறி இருக்கும், அதை அழுத்துங்கள். எஸ்எச்ஏ256 என்று ஒரு நீண்ட எண் வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கிற எண்ணோடு அது அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். நம் பக்கம் நெட் விட்டு விட்டு வருகிறது, பாதியில் கெட்டுப்போன ஐஎஸ்ஓவோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். எண் பொருந்தவில்லை என்றால் மறுபடி இறக்குவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆர் இருக்கட்டும். உங்கள் மெஷின் காலத்தில் பயாஸ், அதாவது மெஷினைத் தொடக்கிவைக்கிற நிரல், பழைய லெகசி முறைதான் பெரும்பாலும், ஜிபிடி போட்டு எழுதினால் பென் டிரைவைப் பார்க்காமல் போகலாம். ஸ்டார்ட் கொடுத்ததும் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் முதலாவதையே வையுங்கள். அதில் பூட் ஆகவில்லை என்றால் மட்டும் டிடி.

பென்குவின் உசிலை, சனி இரவு 8.25

வென்டாய் என்று ஒன்று இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தடவை பென் டிரைவில் வென்டாயை ஏற்றிவிட்டால், அப்புறம் ஐஎஸ்ஓக்களைச் சும்மா காப்பி செய்து போட்டாலே போதும். பூட் ஆகும்போது பட்டியல் காட்டும். மின்ட், லூபுண்டு, ஆன்டிஎக்ஸ் மூன்றையும் ஒரே பென் டிரைவில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தம்பிக்கு அதுதான் நல்லது என்பேன், எங்கள் பேச்சை வைத்து முடிவெடுப்பதைவிட.

கம்ப்யூட்டரே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் எட்ச்டிராய்டு என்ற ஆப், போனில் பென் டிரைவைச் சொருக ஒரு ஓடிஜி கேபிள், பென் டிரைவ். போனிலேயே ஐஎஸ்ஓவை இறக்கி போனிலிருந்தே எழுதலாம். எங்கள் ஊரில் போனில் மட்டுமே நெட் இருக்கிற வீடுகளுக்கு இதைத்தான் செய்து கொடுக்கிறேன்.

வைகைக்கரை, ஞாயிறு காலை 11.00

3.22 வேலை செய்தது. எண்ணும் பொருந்தியது. இன்னும் ஹார்டு டிஸ்க்கை மாற்றவில்லை, எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லைவாக மட்டும் ஓட்டிப் பார்த்தேன். எஃப்12 அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் கருப்புத் திரையில் மின்ட் பட்டியல் வந்தது. முதல் வரியை எடுத்தேன், கொஞ்ச நேரம் புள்ளிகள் ஓடி டெஸ்க்டாப் வந்துவிட்டது. தங்கச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவுண்டு வருகிறது, கேமரா வருகிறது, வெளிச்சம் கூட்டுகிற பட்டன் வேலை செய்கிறது. இரண்டு பிரச்சினை. வைஃபை பட்டியலே வரவில்லை. போனை யூஎஸ்பியில் சொருகி நெட் கொடுத்தால், எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. தேதி 2011 ஜனவரி என்று காட்டுகிறது.

சிம்மக்கல் மெக்கானிக், ஞாயிறு பகல் 12.15

எச்சரிக்கைக்குக் காரணம் அந்தத் தேதிதான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. மெஷின் தன்னை 2011-ல் இருப்பதாக நினைத்தால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். அப்டேட்டும் இதே காரணத்தால் அடம்பிடிக்கும். இப்போதைக்குத் தேதியைக் கையால் சரி செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு உள்ளே தேதியைக் காத்து வைக்கிற சிமாஸ் பேட்டரியை மாற்றுவது. சிஆர்2032 என்ற நாணயம் மாதிரி இருக்கும், சில லேப்டாப்பில் இரண்டு வயர் சேர்த்துச் சுற்றியிருக்கும், அப்படியென்றால் வயரோடு கேட்டு வாங்குங்கள். மெயின் பேட்டரியும் செத்துக் கிடப்பதால், நீங்கள் சார்ஜரைப் பிடுங்குகிற ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போகும்.

வைஃபை பிராட்காம் சிப்பாக இருக்கலாம். மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராட்காம் என்று காட்டினால் டிக் செய்து நிறுவ வேண்டியதுதான். நெட் இல்லாவிட்டாலும் மின்ட் பென் டிரைவிலிருந்தே அந்த டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

லைவில் இவ்வளவையும் சோதித்தது ரொம்பச் சரி. மூடியைச் சாத்தித் தூங்க வைத்து எழுப்பியும் பாருங்கள். சில பழைய கிராபிக்ஸில் எழும்போது திரை கருப்பாகவே நிற்கும். பூட் ஆகும்போதே கருப்பாக நின்றால், மின்ட் பட்டியலில் கம்பேட்டிபிளிட்டி மோடு என்ற வரியை எடுக்கலாம்.

வைகைக்கரை, ஞாயிறு மாலை 5.40

பிராட்காமேதான். டிரைவர் மேனேஜரில் வந்தது, வைஃபை பிடித்துவிட்டது. தூங்கி எழுவதும் சரி. நாளை மதுரைக்கு வந்து டவுன்ஹால் ரோடு பக்கம் ரேம், எஸ்எஸ்டி, சிமாஸ் பேட்டரி மூன்றும் வாங்குகிறேன். கடையில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

சிம்மக்கல் மெக்கானிக், ஞாயிறு இரவு 7.30

பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். லேப்டாப்புக்கு டிடிஆர்3, நீளத்தில் பாதி இருக்கும் சின்ன வகை. டிடிஆர்4 கொடுத்தால் ஏறாது, நடுவில் இருக்கிற வெட்டு வேறு இடத்தில் வரும். டிடிஆர்3எல் என்று கொடுத்தால் வாங்கலாம். அது 1.35 வோல்ட் வகை, ஆனால் உங்கள் மெஷின் கொடுக்கிற 1.5 வோல்ட்டையும் தாங்கும். எஸ்எஸ்டி சாட்டா 2.5 இன்ச் என்று அழுத்திச் சொல்லுங்கள். எம்.2 என்று சின்னதாகப் பட்டையாக ஒன்று கொடுப்பார்கள், அது உங்கள் மெஷினில் மாட்டாது. கொள்ளளவு 240, 256 எதுவானாலும் போதும்.

மாட்டும்போது சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ரேமை 45 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளி, மேலிருந்து அழுத்தினால் இரண்டு பக்கமும் கிளிப் டக் என்று பிடிக்கும். தங்க நிறப் பற்கள் வெளியே தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். ஹார்டு டிஸ்க்கைச் சுற்றி ஒரு தகரச் சட்டம் இருக்கும், நான்கு ஸ்க்ரூ. அந்தச் சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் எஸ்எஸ்டி மெலிசாக இருப்பதால் உள்ளே ஆடும்.

திறந்தது திறந்தபடி ஃபேனையும் பாருங்கள். காற்று வெளியே போகிற செம்புச் சட்டத்தில் கம்பளி மாதிரி தூசி அடைத்திருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர் லேப்டாப்புகள் தானாக அணைந்துபோவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்ற விட்டு ஊதாதீர்கள்.

இன்னொன்று. பேட்டரி இல்லாததால் இன்ஸ்டால் நடக்கும்போது கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு வேறு நாளில் செய்யுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீடு கிடைத்தால் இன்னும் நல்லது.

வைகைக்கரை, செவ்வாய் இரவு 9.15

எல்லாம் மாட்டியாகிவிட்டது. பயாஸில் 6 ஜிபி ரேம் காட்டுகிறது, பழைய 2-ம் புது 4-ம் சேர்ந்து. எஸ்எஸ்டி பெயரும் வருகிறது. இன்ஸ்டால் திரையில் டிஸ்க்கை அழித்து நிறுவு, வேறு ஏதாவது என்று இரண்டு வழி கேட்கிறது. முதலாவதை அழுத்தப் பயமாக இருக்கிறது.

சிம்மக்கல் மெக்கானிக், செவ்வாய் இரவு 9.25

பழைய ஹார்டு டிஸ்க் இப்போது எங்கே இருக்கிறது? கேஸில் போட்டு யூஎஸ்பியில் சொருகியிருந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். இன்ஸ்டால் முடிகிற வரை அது மெஷின் பக்கமே வரக் கூடாது. உள்ளே எஸ்எஸ்டி, வெளியே பென் டிரைவ், இவை இரண்டு மட்டும் இருந்தால் முதல் வழியையே தைரியமாக அழுத்தலாம். அடுத்து வருகிற பெட்டியில் எந்த டிஸ்க்கில் எழுதப் போகிறது என்று காட்டும். 240 என்றோ 256 என்றோ அளவு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். இடம் கேட்கும்போது இந்திய நேரத்தைக் கொடுங்கள், வரைபடத்தில் கொல்கத்தா என்று வரும்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 8, 10-ல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்த டிரைவில் லினக்ஸால் எழுத முடியாது. இரண்டுக்கும் இடையே கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னே பின்னே காட்டும். லினக்ஸ் மெஷின் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருகிற வித்தியாசம் அது. கோளாறு ஒன்றும் இல்லை.

வைகைக்கரை, புதன் இரவு 8.50

முடிந்தது அண்ணே! பவர் பட்டனை அழுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. அக்காவின் போட்டோ எல்லாம் யூஎஸ்பி வழியாகத் திறந்தது, ஒரு பிரதியை எஸ்எஸ்டியிலும் எடுத்து வைத்துவிட்டேன். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

யூடியூப் மட்டும் 720-ல் விட்டு விட்டு வருகிறது, ஃபேன் சத்தம் போடுகிறது. 480-ல் பரவாயில்லை.

பென்குவின் உசிலை, புதன் இரவு 9.20

வாழ்த்துகள் தம்பி. யூடியூப் விஷயத்துக்கு விடை இருக்கிறது. இப்போது யூடியூப் வீடியோவை விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கி அனுப்புகிறது. உங்கள் சிபியுவில் இருக்கிற கிராபிக்ஸுக்கு ஹெச்.264 மாதிரி பழைய முறைகளை மட்டும்தான் தானே பிரிக்கத் தெரியும். மற்றதெல்லாம் சிபியு தலையில் விழுகிறது. ஃபயர்பாக்ஸில் ஹெச்264ஐஃபை என்ற நீட்சியைச் சேர்த்தால், யூடியூப் பழைய முறையிலேயே அனுப்பும். சிபியு சுமை நன்றாக இறங்கும், ஃபேனும் அமைதியாகும்.

சாஃப்ட்வேர் மேனேஜரில் இசட்ரேம் டூல்ஸ் என்று தேடி அதையும் போட்டுவிடுங்கள். ரேமில் இப்போது தேவைப்படாத பகுதியை, கம்பளியை மடித்து அமுக்கிப் பெட்டியில் வைப்பதுபோல, ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துவிடும். 2 ஜிபி மெஷின் வைத்திருக்கிற எவரும் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும். 6 ஜிபியிலும் கெடுதல் இல்லை.

ரேமும் எஸ்எஸ்டியும் கிடைத்த பிறகு மின்ட்தான் சரியான தேர்வு, ஒத்துக்கொள்கிறேன். கிடைக்காதவர்களுக்காகத்தான் நான் ஆன்டிஎக்ஸைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மேலூர் டீச்சர், வியாழன் காலை 7.10

தங்கச்சிக்கு இனி என் பங்கு. சாஃப்ட்வேர் மேனேஜரில் கம்பைலர் அடங்கிய பில்ட் எசென்ஷியல், நிரல் எழுதுகிற கீனி இரண்டையும் நிறுவுங்கள். புத்தகத்தில் டெவ் சி பிளஸ் பிளஸ் என்று வரும் இடத்தில் எல்லாம் கீனியைப் பயன்படுத்தலாம். நிரலை எழுதி எஃப்9 அழுத்தினால் கம்பைல் ஆகி பில்ட் ஆகும், எஃப்5 அழுத்தினால் ஓடும். பிளஸ் டூவில் பைத்தானும் மைசீக்வலும் வருகின்றன. பைத்தான் 3 மின்ட்டிலேயே இருக்கிறது. மைசீக்வலுக்கு மரியாடிபி போட்டால் பாடத்தில் உள்ள கட்டளைகள் அப்படியே ஓடும்.

தமிழில் டைப் அடிக்க, ஐபஸ் என்ற நிரலையும் அதற்கான எம்17என் பொதியையும் நிறுவி, மெனுவில் இன்புட் மெத்தட் என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முறை வெளியேறி உள்ளே வந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு எல்லாம் பட்டியலில் இருக்கும். என் வேண்டுகோள், பிள்ளையை முதலிலேயே தமிழ்99-ல் பழக்குங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து இடது கையில், மெய்யெழுத்து வலது கையில். க அழுத்தி மறுபடி க அழுத்தினால் புள்ளி தானே விழுந்து க்க ஆகிவிடும். ஆங்கிலத்தில் அடித்து அடித்துத் தமிழாக்கிப் பழகிய கைக்குப் பிறகு இது வராது, சின்ன வயதில் இரண்டே வாரத்தில் வந்துவிடும்.

வாடிப்பட்டி விவசாயி, வியாழன் பகல் 2.30

இழையை முதலிலிருந்து படித்தேன். என்னிடம் குட்டி நெட்புக் ஒன்று இருக்கிறது, ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம். மோட்டார் ரூமில் வைத்து மழைக் கணக்கும் செலவுக் கணக்கும் எழுத மட்டும் வேண்டும். மின்ட் ஏறுமா?

சிம்மக்கல் மெக்கானிக், வியாழன் மாலை 4.00

ஏறாது ஐயா. என்270 வெறும் 32 பிட் சிபியு. மின்ட், லூபுண்டு எதுவும் 32 பிட்டுக்கு இப்போது வருவதில்லை. டெபியனே 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆவது பதிப்பில் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. உங்களுக்கு உசிலை சொன்ன ஆன்டிஎக்ஸ்தான். 23-ஆவது பதிப்பில் 32 பிட் ஐஎஸ்ஓ தனியாக இருக்கிறது, அதை எடுங்கள். கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ்கூட வேண்டாம், ஜீநியூமெரிக் போதும், லேசாக ஓடும். பிரவுசர் வேலைக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். ஃபயர்பாக்ஸும் 32 பிட் லினக்ஸை 144-ஆம் பதிப்போடு விட்டுவிட்டது.

பென்குவின் உசிலை, வியாழன் மாலை 4.20

ஐயா, வாடிப்பட்டி எனக்குப் பக்கம்தான். 32 பிட் ஆன்டிஎக்ஸ் பென் டிரைவ் என்னிடம் தயாராக இருக்கிறது. தனிச்செய்தி போடுங்கள், வந்து போட்டுத் தருகிறேன்.

திருமங்கலம் டிடிபி, வெள்ளி காலை 10.10

நானும் கேட்கிறேன். கடையில் இரண்டு பழைய மெஷின், விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது, விண்டோஸ் 11 ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்கிறது. பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ். பத்து வருட ஃபைல்கள் எல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் ஃபாண்டுகளில் கிடக்கின்றன. லினக்ஸில் திறக்குமா? பிரிண்டர் ஒன்று ஹெச்பி, ஒன்று கேனான் எல்பிபி 2900.

மேலூர் டீச்சர், வெள்ளி காலை 11.00

பாமினி, வானவில் ஃபாண்ட் ஃபைல்களை விண்டோஸிலிருந்து எடுத்து, லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் .fonts (முன்னால் புள்ளியோடு) என்ற ஃபோல்டரில் போட்டால் லிப்ரே ஆபீஸில் பழைய ஃபைல்கள் எழுத்து மாறாமல் திறக்கும். புதிதாக அடிப்பதை மட்டும் யூனிகோடில் வையுங்கள். பழைய ஃபாண்டில் அடித்ததைத் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் போகும்.

சிம்மக்கல் மெக்கானிக், வெள்ளி பகல் 12.40

ஹெச்பியில் பெரும்பாலான மாடல்கள் ஹெச்பிலிப் என்ற டிரைவரில் சொருகியதும் வேலை செய்யும். பி1007, பி1008 மாதிரி சிலதற்கு மட்டும் கூடுதலாக ஒரு பிளக்இன் இறக்க வேண்டும், அதுவே கேட்கும். எல்பிபி 2900-க்கு லினக்ஸில் டிரைவர் உண்டு என்றாலும் பழசு, அமைப்பதற்குப் பொறுமை வேண்டும். கடையில் ஆள் நிற்கும்போது அதை வைத்துப் பரிசோதனை செய்யாதீர்கள். அந்த பிரிண்டரும் ஃபோட்டோஷாப் வேலையும் ஒரு மெஷினில் விண்டோஸிலேயே இருக்கட்டும், அந்த மெஷினில் நெட்டை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மற்ற மெஷினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது மின்ட் பென் டிரைவை லைவாக ஓட்டுங்கள். ஹெச்பியைச் சொருகி ஒரு பக்கம் அடியுங்கள், பாமினி ஃபைல் ஒன்றைத் திறந்து விளிம்பும் வரியும் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்கேனரையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். மூன்றும் சரியாக வந்தால் இன்ஸ்டால் செய்யலாம். எது நின்றாலும் பிரிண்டர் மாடல் எண்ணோடு இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.